ராசிக்கின் அளவுக்கு வெட்டிய கோட்டு

பட்டியலில் ராசிக் முதலாவது, சிவானந்தன் இரண்டாவது. கோட்டையில் ஒரு வெள்ளைக்காரர் வங்கியின் வாசலில் ஒட்டியிருந்த தாளை இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். காசுமேசையில் பணத்தை எண்ணிச் சரிபார்க்கும் உதவிச் சிறாப்பர் வேலை. இருந்தது ஒரேயொரு இடம்.

எழுத்துச் சோதனையில் இருவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. கடைசிச் சோதனையில்தான் பிரிந்தார்கள். சலவைக்கல்லில் நாணயங்களைத் தட்டி, சத்தத்தை வைத்தே கள்ளக்காசைப் பிரிக்க வேண்டும். சிவானந்தன் இரண்டைக் கோட்டைவிட்டான். ராசிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், ஒன்றையும் விடவில்லை.

"வாப்பாட தையல் மெஷினுக்குப் பக்கத்துல இருந்து படிச்ச காது, மச்சான்," என்று சிரித்தான். "அந்த இரைச்சலுக்குள்ள உம்மா ஏசுறதும் கேக்கும்."

ராசிக்கின் வாப்பா ஹாஷிம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் தையல்கடை வைத்திருந்தார். முன்னறை கடை, பின்னறை வீடு, இரண்டுமே வாடகை. மகன் முதலாவதாக வந்த அன்றைக்கே வெள்ளைத் துணி வாங்கி, வங்கிக்காரர் போடும் மூடிய கழுத்துக் கோட்டு ஒன்றை வெட்டிவிட்டார்.

கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. காசு புழங்குகிற மேசை என்பதால், சொந்த வீடோ காணியோ உள்ள ஒருவர் அதன் உறுதிப் பத்திரத்தை வைத்து, வேலைக்கு வருபவனுக்குப் பிணை நிற்க வேண்டும். அது அந்த வங்கியின் பழைய வழக்கம். ஏழு நாளுக்குள் பிணை வராவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போகும்.

அன்று பின்னேரமே ராசிக் வெள்ளவத்தைக்கு வந்தான். தண்டவாளத்தைக் கடந்து இருவரும் வழக்கமாக இருக்கும் கற்பாறையில் இருந்தார்கள். கடிதத்தைச் சிவானந்தனின் மடியில் வைத்தான்.

"எங்கட சொந்தத்துல வீடுள்ள மனிசன் ஒத்தரும் இல்ல. முகத்துவாரத்து மாமாட்ட ஒரு வள்ளத்துல பாதி ஈக்கி. வெள்ளக்காரன் வள்ளத்துல பாதிய எடுப்பானா?"

சிவானந்தன் சிரிக்கவில்லை.

"ஒங்கட அப்பாட்டக் கேளு, சிவா. கையெழுத்து மட்டுந்தான். நீ ரெண்டாவது எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் ஒன்ன விட்டா நான் யாருட்டப் போறது?"

சிவானந்தனுக்கு அப்போது உடம்பு சிலிர்த்தது. இதே பாறையில் இருந்துதான் அவன் ராசிக்குக்கு மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்துக் காட்டுவான். பனி கொட்டும் ஊர்களில், பெரிய பண்ணைக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருநாள் விழித்தெழுந்து, இருந்ததையெல்லாம் இல்லாதவனுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கம்பளிச் சட்டையோடு நடந்து போவார்கள். அந்த இடங்களைச் சிவானந்தன் இரண்டு தரம் வாசிப்பான். ராசிக் மட்டும் "அடுத்த நாள் சாப்பாட்டுக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்பான்.

"கேக்கிறன்," என்றான் சிவானந்தன். "இண்டைக்கே கேக்கிறன்."

சொன்னபோது மனதாரத்தான் சொன்னான்.

அவனுடைய அப்பா நமசிவாயம் புரொக்டர். சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் வழக்குக் கட்டுகளை விரித்துக்கொண்டு இருந்தார். சிவானந்தன் கதவடியில் நின்றான்.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை அப்பா."

அவனுக்கு இந்த வேலை இல்லாவிட்டால் சட்டக் கல்லூரி இருந்தது. அதுவும் பிடிக்காவிட்டால் அப்பாவின் கந்தோரில் ஒரு மேசை இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து அவன் காலில் ஏறிய சப்பாத்துக்கூட அப்பாவின் பேரில் வந்தது. இந்தச் சோதனை ஒன்றைத்தான் அவன் தனியாக எழுதினான். இது என்னுடைய கெட்டித்தனத்துக்குக் கிடைத்தது என்று வாழ்நாளில் ஒருதரமாவது சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஆசை வந்து கதவடியில் குறுக்கே நின்றது. நாளைக்குக் கேட்போம் என்று படுத்துக்கொண்டான். மறுநாளும் "ஒண்டுமில்லை அப்பா" என்றான். நாலாம் நாள் கதவடிக்கே போகவில்லை.

ஆறாம் நாள் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ராசிக் காத்துக்கொண்டு நின்றான். முகத்தைக் கழுவி, தலையைப் படிய வாரியிருந்தான், நல்ல செய்தி கேட்க வருகிறவன் மாதிரி.

"அப்பா ஏலாதெண்டுட்டார்," என்றது சிவானந்தனின் வாய்.

ராசிக் கடல் பக்கம் திரும்பினான். "சரி, அவரச் சொல்லி என்ன. வீடு எண்டா வீடுதானே," என்றான். பிறகு அவனே சிவானந்தனின் முதுகில் தட்டினான். "மூஞ்ச ஏன் இப்பிடி வெச்சிக்கொண்டு நிக்கிற? நீதானே கேட்ட. கேட்டதே பெரிசு."

எட்டாம் நாள் வங்கிக் கடிதம் சிவானந்தனுக்கு வந்தது. நமசிவாயம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, அலுமாரியிலிருந்து வீட்டு உறுதியை எடுத்துக்கொண்டு போய்ப் பிணைக்குக் கையெழுத்து வைத்தார். போக வர எடுத்த நேரம்தான். கையெழுத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் வந்தவன் ஏன் வரவில்லை என்று கேட்டார். "அவருக்குப் பிணை கிடைக்கேல்லை," என்றான் சிவானந்தன். யாரென்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கோட்டுச் செய்தியை ராசிக்தான் அனுப்பினான். வெட்டின துணி வீணாகக் கிடக்கிறது, வாப்பா உனக்கு அளவாக்கித் தருவாராம், சனிக்கிழமை வா. மறுத்தால் அதற்கொரு காரணம் சொல்ல வேண்டும். சிவானந்தன் புறப்பட்டான். "சும்மா வாங்கக் கூடாது, கூலி குடுக்க வேணும்," என்று நமசிவாயமும் கூடவே கிளம்பிவிட்டார். வேண்டாமென்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான்.

ஹாஷிம் கதிரையைத் துடைத்து நமசிவாயத்தை இருத்தினார். உள்ளேயிருந்து ராசிக்கின் உம்மா ருக்கியா தேத்தண்ணி அனுப்பினாள். சிவானந்தன் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது, கை விரல்நுனிவரை வந்தது. ராசிக் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மண்டியிட்டு விளிம்பை மடித்துக் குத்தினான். கடையில் அவன் இப்போது வாப்பாவுக்குக் கையுதவி.

ஹாஷிம் கூலி வாங்க மாட்டேன் என்றார். "அய்யா, ஒண்டு சொல்லோணும்," என்றார் பிறகு. "எங்கட பொடியனுக்கு நீங்க பிணைக்கு ஏலாதெண்டதுல எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்ல. வேறொத்தன்ட புள்ளைக்கு யாரு ஊட்டு உறுதிய வெப்பா? நானா இருந்தாலும் யோசிச்சித்தான் ஈப்பன். அத மனசுல வெச்சிக்கொள்ளவாணாம்."

நமசிவாயத்தின் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. அவர் ஹாஷிமைப் பார்த்தார். ஊசியோடு இருந்த ராசிக்கைப் பார்த்தார். கடைசியாகத்தான் மகனைப் பார்த்தார். நீதிமன்றத்தில் எத்தனையோ பொய்ச் சாட்சிகளைக் கண்ட மனிதர். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

"ஓம், ஹாஷிம் நானா," என்றார். "அந்த நேரம் ஏலாமல் போச்சுது. குறை நினைக்காதையுங்கோ."

ராசிக்கின் கை நின்றது. சலவைக்கல்லில் நாணயத்தைக் கேட்டதுபோல அந்தச் சொல்லைக் கேட்டான், ஒரு கணம்தான், கண்ணை மூடவுமில்லை. பிறகு வாயிலிருந்து அடுத்த ஊசியை எடுத்து, மடிப்பில் நேராகக் குத்தினான். சிவானந்தனின் முகத்தை அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"துணிய வெட்டல்ல, தம்பி," என்றார் ஹாஷிம், மெஷினில் தைத்து முடித்துக் கோட்டைக் கொடுக்கும்போது. "உள்ளுக்கு மடிச்சித்தான் ஈக்கி."

கோட்டை ஸ்டேஷன்வரை டிராமில் போய், அங்கிருந்து இருவரும் கரையோர ரயிலில் ஏறினார்கள். கொம்பனித்தெரு தாண்டியபோது சிவானந்தனால் தாங்க முடியவில்லை.

"நான் கேட்டிருந்தால் வச்சிருப்பீங்களோ, அப்பா?"

இல்லை என்று அவர் சொல்ல வேண்டும் என்று கும்பிடாத குறையாக இருந்தான். அந்த ஒரு சொல் கிடைத்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

"தெரியாது," என்றார் நமசிவாயம். "நீ கேக்கேல்லைத்தானே. என்ன சொல்லியிருப்பன் எண்டு இனி எனக்கும் தெரிய வராது." யன்னல் பக்கம் திரும்பினார். "ஆனால் இப்ப வைப்பன். வேலை திங்கட்கிழமைதானே துவங்குது. காலமை முதல் ரயிலிலை போய் மனேச்சரைக் கண்டு, நீ விலகிறாய், முதல் வந்த பிள்ளைக்கு நான் பிணை எண்டு சொல்லலாம். ஏற்பானோ இல்லையோ, கேட்டுப் பாக்கலாம். சொல்லு, போவம்."

கொள்ளுப்பிட்டியில் ரயில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். சிவானந்தன் மடியில் இருந்த கோட்டுப் பொதியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நாவல்களில் இந்த இடத்தில்தான் பண்ணைக்காரப் பிள்ளைகள் எழும்புவார்கள். தன் வாய் திறக்கப் போகிறது என்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பம்பலப்பிட்டி வந்தது. அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி காத்திருந்தார். அவர் காத்திருக்கிறார் என்பது நன்றாகவே தெரிந்தது. கற்பாறைகள் தெரியத் தொடங்கின.

வெள்ளவத்தையில் நமசிவாயம் எழுந்து, சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"கோட்டு கசங்குது," என்றார். "இப்பிடி இறுக்கிப் பிடியாதை."

இறங்கி முன்னால் நடந்தார். சிவானந்தன் பொதியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனான்.