நண்டு ராணிக்கு ஒரு பேனர்

ஐந்து வருஷ ஆராய்ச்சியில் டெபோராவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. எண்ணூர்க் கழிமுகத்து நண்டுகளைப் பற்றிய ஆய்வேட்டை எழுதி முடித்தாயிற்று. வழிகாட்டி லோகநாதன் கையெழுத்துப் போட்டால்தான் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

கேட்டால், "பாத்துகிட்டே இருக்கேன்மா" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார், மனுஷன் திறந்துதான் பார்க்கவில்லை. அவருடைய முதலாண்டு வகுப்பை எடுப்பது டெபோரா. விடைத்தாள் திருத்துவது டெபோரா. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் சந்தையில் அவருக்கு இறால் பேரம் பேசுவதும் டெபோராதான். மீன் பேரம் தெரிந்த ராயபுரத்துப் பெண்ணை ஆய்வு மாணவியாகச் சேர்த்ததே இதற்குத்தானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. வகுப்பில் 'மிஸ்', துறையில் 'ஏம்மா', வீட்டில் 'இன்னும் பட்ச்சிகினே கீறியே'. தான் மாணவியா, டீச்சரா, எடுபிடியா என்று அவளுக்கே குழப்பம்.

அந்த ஞாயிறும் இறால் வாங்கிக் கொடுத்து, லோகநாதனைச் சந்தை வாசல் பக்கம் கூட்டிவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே மாடி உயரத்துக்குப் பேனர். தலையில் கிரீடத்தோடு டெபோரா ஒரு ராட்சத நண்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். 'டாக்டர் பட்டம் வென்ற எங்கள் நண்டு ராணியே!' ஓரத்தில் லோகநாதன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடியில்.

'எழுதி முடிச்சிட்டேன்' என்று வகுப்பில் வாய்விட்டது தப்பாகப் போயிற்று. காதுகுத்துக்கே பேனர் வைக்கிற ஏரியாவில், டாக்டர் பட்டத்துக்குக் கையெழுத்து வரும்வரை எவன் காத்திருப்பான்?

வாங்காத பட்டத்துக்குப் பேனர்! மனுஷன் பார்த்தால் இந்த ஜென்மத்தில் கையெழுத்துக் கிடைக்காது.

"சார், அந்தப் பக்கமா போயிடலாம், இங்க ஒரே சேறு..."

"டேய், சாரே வந்துகீறாருடா!" பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாணவன் வல்லரசு கத்தினான். சரவெடி வெடித்தது. மேளம் முழங்கியது. லோகநாதன் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது.

"ஒங்கள இப்பதான் சார் மொதோ தபா நேர்ல பாக்குறோம்," வல்லரசு உருகினான். "மிஸ்ஸு சொல்லிக்குடுத்து எங்களுக்குக் கனவுலயே நண்டு வருது சார். நீங்க இல்லாங்காட்டி அவங்களுக்கு இந்தப் பட்டம் ஏது?"

மீன் விற்கும் பெண்களெல்லாம் கூடிநின்று கைதட்டினார்கள். கையெழுத்தே இன்னும் போடவில்லை என்று அத்தனை பேர் முன்னால் எந்த மனுஷன் சொல்லுவான்? லோகநாதன் மாலையைச் சரிசெய்துகொண்டு நாலைந்து செல்ஃபிக்குச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேப்பர் கையில இருக்காம்மா?"

இருக்காவா! மீன்தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, போகிற இடமெல்லாம் சுமந்தவளாயிற்றே. ஐஸ் பெட்டிமேல் வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். டெபோராவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

பேனாவை மூடிய லோகநாதன் நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, நண்டை எதுக்குப் போட்டிருக்காங்க? உன் ஆராய்ச்சி இறால்லதானே?"

வந்த அழுகை நின்றது. டெபோரா பக்கத்துக் கூடையில் காலை உதறிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து, அவருடைய இறால் பைக்குள் போட்டாள்.

"இதுதான் சார் நண்டு. வீட்டுக்குப் போய் நல்லா பாத்துக்குங்க. வைவால கேப்பாங்க."