ஓய்வுநாளில் நின்ற லிஃப்ட்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது உள்ளே நாங்கள் இருவர்தான்: சர்ச்சில் ஞாயிறு வகுப்பு நடத்தும் நானும், ஆறாம் மாடித் தையல்காரம்மாவும். அவர் யூதப் பெண்மணி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவருக்கு ஓய்வுநாள். அப்புறம் ஒரு சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்.

மணியை நான்தான் அழுத்தினேன்.

"மெக்கானிக் வர அரை மணி ஆகும், பொறுங்கம்மா" என்று கீழிருந்து குரல் கொடுத்தார் காவலாளி.

அரை மணி ஒரு மணியானது. கதவிலிருந்த கண்ணாடிக் கீற்றில், மேல்மாடி ஜன்னல் வழியே தெரிந்த வானம் சிவந்து, பிறகு கறுத்தது.

"போச்சு, ஓய்வுநாள் விளக்கேத்துற நேரமும் போச்சு." தையல்காரம்மா கைகளை மடியில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வியர்த்தது. இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், 'இதோ வந்துடறேன்' என்று ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்தவள் நான். மணியை அழுத்த எழுந்தேன், கால் மடங்கிவிட்டது. சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது.

இவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலும் செய்யமாட்டார் என்றுதானே இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

"டீச்சரம்மா, என்ன இப்படி வேர்க்குது?"

"சுகர்... எறங்குது."

சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். மணியில் வைத்த கட்டைவிரலை எடுக்கவே இல்லை. மறுகையால் என் பையைக் கவிழ்த்துப் போனைத் தேடி எடுத்து அவசர எண்ணை அழுத்தினார். வீட்டு விலாசத்தைக் கத்தினார்.

"வேண்டாங்க... உங்க ஓய்வுநாள்..."

"சும்மா உட்காருங்க. உயிர்னு வந்துட்டா ஓய்வுநாள் ஒதுங்கி நிக்கணும். எங்க சட்டமே அதுதான். யோசிச்சுக்கிட்டு நின்னாத்தான் பாவம்."

"ஓய்வுநாள்ல நோயாளியைக் குணமாக்கினப்போ எங்க இயேசுவும் இதைத்தானே சொன்னார்!"

"பின்னே, அவர் என்ன உங்க வீட்டுலயா வளர்ந்தார்? எங்க வீட்டுப் பிள்ளை. எங்க வீட்டுல சோறில்லாமக்கூட இருக்கும், வாக்குவாதம் இல்லாம இருக்காது. அவரும் கூட உட்கார்ந்து சண்டை போட்டிருப்பார்."

அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். பையிலிருந்து சிதறிய, ஞாயிறு வகுப்புக்காக நான் ஜெராக்ஸ் எடுத்த முப்பது தாள்கள். ஒவ்வொன்றிலும் தரையில் ஒரு நோயாளி. பக்கத்தில் கைகட்டி நிற்கும் நீள மூக்குத் தாடிக்காரர். 'ஓய்வுநாளுக்காகப் பிறர் உயிரைக் கைவிட்ட யூதர்கள். வண்ணம் தீட்டுக.'

ஓடி ஒளியலாமென்றால் நான்கடிப் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூக்கு அப்படியே எங்க அண்ணன் மூக்கு" என்றார். சிரிக்கவில்லை. மணியிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

தீயணைப்பு ஆட்கள் கதவை நெம்பித் திறந்தார்கள். காவலாளி கொடுத்த சர்க்கரைத் தண்ணீரை நான் குடித்து முடிக்கும்வரை தையல்காரம்மா அங்கேயே நின்றார். பிறகு, திரை இன்னும் எரிந்துகொண்டிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

"இனி பயமில்ல. நீங்களே அணைச்சுக்குங்க."

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்ககிட்ட நான் என்னங்க சொல்ல?"

"டீச்சர் நீங்களா, நானா?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவது கேட்டது. நான் தாள்களைப் பொறுக்கி, முதல் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பேனா இருக்கா?" என்று காவலாளியைக் கேட்டேன்.