இன்ஜினின் கடைசி எழுத்து

பழைய இன்ஜின் விற்கும் கடையில் அவருக்கு இருபது வருஷமாகத் தூக்குகிற வேலை. முதுகுத்தண்டு கோளாறாகிப்போன பிறகு முதலாளி மனமிரங்கி, இன்ஜினில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படித்து எடுத்துக்கொடுக்கிற வேலைக்கு மாற்றினார். நாற்பத்தெட்டு வயதில் மனைவியிடம் எழுத்துக் கற்றது அப்படிப் பலித்தது. அதற்குள் இரண்டு தடவை தப்பான இன்ஜின் போய்விட்டது. இன்னொரு தடவை போனால் மறுபடி தூக்கத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று ஒரு மெக்கானிக், இன்ஜின் செத்த காரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, டி பதினஞ்சு ஏ இன்ஜின் ஒண்ணு எடுங்க. வண்டிப் புத்தகத்துல இருக்கு பாருங்க."

படித்தவர்களுக்குப் பார்த்ததும் விளங்கிவிடும். அவருக்கு அந்த வசதி இல்லை. பானெட்டைத் திறந்தார். இன்ஜினின் பக்கவாட்டில் பிசுக்கை வழித்துவிட்டுச் சாக்பீஸைத் தேய்த்து, மேலாகத் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். டி. ஒன்று. ஐந்து. சி.

"இது சி, தம்பி. கியர்பாக்ஸோட சேர்ற இடத்துல ஏ-க்கு ஆறு போல்ட்டு, சி-க்கு எட்டு. எவனோ முன்னாடியே இன்ஜினை மாத்தியிருக்கான்."

"பதினேழு வருஷமா இன்ஜின் பிரிக்கிறேன். எனக்கே பாடமா?"

முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "யோவ், கேட்டதைக் குடுத்து அனுப்பு."

"திரும்பி வந்தா யார் தலையில விழும் முதலாளி?"

"உன் தலையிலதான்."

"அப்ப சி-தான் குடுப்பேன்."

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே காருக்கு அடியில் புகுந்தார். வெளியே வர நேரமாயிற்று.

"எட்டு" என்றார், டயரைப் பார்த்து.

கடையில் 'சி' என்று பெயிண்டால் எழுதியிருந்த இன்ஜின்கள் மூன்று. தேய்த்துப் பார்த்ததில் இரண்டு, ஏ. மூன்றாவதை மெக்கானிக் ஏற்றிக்கொண்டு போனார். முதலாளி பெயிண்ட் எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் எதைப் பார்த்து எழுதினோம்?"

"வந்த வண்டியோட புத்தகத்தைப் பார்த்துதான்."

"அப்ப கடையில இருக்கிற நூத்தி அறுபது இன்ஜினையும் தேய்ச்சுப் படிச்சிடு. இனிமே இந்த வேலைக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது."

இன்ஜின்கள் மூன்று அடுக்காகக் கிடந்தன.

"அடியில இருக்கிறதைப் படிக்கணும்னா மேல இருக்கிறதை யாரு தூக்குறது?"

முதலாளியின் பார்வை அவர் தோளில் வந்து நின்றது.

படிக்கிற வேலை அவருக்கு நிலைத்துவிட்டது. மனைவிக்குப் போன் போட்டு, தூக்குகிற நாளில் கட்டிய இடுப்புப் பட்டையைக் கொடுத்தனுப்பச் சொன்னார்.