கிட்டங்கிச் சோதனை

விடியுமுன்பே அண்டி ஆபீஸில் புகை எழுந்துவிட்டது. முந்திரிக்கொட்டையைச் சுட்டு உடைக்கிற இடத்துக்குக் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் அதுதான் பெயர். ஆபீஸ் என்ற சொல்லின் சுகம் உள்ளே ஒரு பொட்டும் கிடையாது. நேசம் கையில் சாம்பல் பூசிக்கொண்டு முதல் கொட்டையை அடித்தாள். எண்ணெய் தெறித்துப் பழைய புண்ணில் சுரீரென்றது.

கை வேலையில் இருந்தாலும் கண் மேஸ்திரி பொன்னப்பன் மேல்தான். மூன்று நாளாக அவன் சரசம்மாவின் மகள் விமலாவை அதட்டவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சாயங்காலம், பருப்பு ஒளித்திருக்கிறார்களா என்று வாசலில் எல்லாருக்கும் மடிச்சோதனை நடக்கும். அவளை மட்டும் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் கூப்பிடுகிறான்.

நேசத்துக்கு அந்தக் கனிவு தெரியும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அதே கிட்டங்கி, அதே பொன்னப்பன். சொன்னபோது அம்மை அவள் வாயைப் பொத்தினாள். குடிசை நின்றது முதலாளி மண்ணில். குடியிருக்கிற மண்ணைக் குடிசைக்காரருக்கே கொடுக்கும் குடிகிடப்புச் சட்டத்தில் இந்த வருஷம்தான் அந்தப் பத்து சென்ட் சொந்தமானது.

ஆனால் யாரை நம்ப? நரைத்த மரியம்மாதான் மேஸ்திரியிடம் வத்திவைக்கிறவள் என்று அவளுக்குச் சந்தேகம். மரியம்மா அப்பால் போகும்வரை காத்திருந்து, மத்தியானம் சரசம்மாவிடம் சொன்னாள்.

“முதலாளி எனக்க ஆளுக்கு பேர்ஷியாவுக்குப் போவ விசா சொல்லி வச்சிருக்காரு. நீ குழப்பாண்டாம் நேசம்.”

“எனக்கும் அவன் இப்பிடித்தான் செஞ்சான் அக்கா. எனக்க அம்மை மிண்டல்ல, வாயே தெறக்கல்ல.” நேசம் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “மக்கா, குற்றம் உனக்கதில்ல. சொல்லு, நான் உண்டு.”

விமலா தொடாத சோற்றையே பார்த்தாள். “வெளிய சொன்னா அப்பாக்கு விசா இல்லன்னு மேஸ்திரி சொன்னாரு.”

சரசம்மாவுக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் பொன்னப்பன் விமலாவைக் கூப்பிட்டான். நேசமும் சரசம்மாவும் குறுக்கே நின்றார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

“என்ன கூத்து இது?”

“இனி ஒரு பிள்ளையும் தனியா உள்ள போவாது. என்னத்துக்குன்னு மேஸ்திரிட்ட கேளும்” என்றாள் நேசம்.

“தெளிவு உண்டா? சாட்சி யாரு?”

“நான்தான் தெளிவு. சின்னதுல என்னை இவன் கெடுத்தான்.”

“நாளைக்குக் கேட்டைப் பூட்டிருவேன். சரசம்மா, விசாவை மறந்திரு.”

“பூட்டும்!” சரசம்மா மகளை இறுக்கிப் பிடித்தாள். “பிள்ளைய விட்டு எனக்கொரு பேர்ஷியா வேண்டாம்.”

பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நேசம் அவளை மறிக்கப் போனாள்.

“எலே பொன்னப்பா, உனக்க அப்பன் இங்க மேஸ்திரியா இருந்தப்ப எனக்குப் பதினோரு வயசாக்கும். அவனும் இதே கிட்டங்கிக்குத்தான் கூப்பிட்டான். நானும் சொல்லுதேன்.”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி.