வாவியில் போன சாராயக்கடை

பெரியகல்லாற்றில் கம்சாயினியின் சாராயக்கடை, ஒரு சாராயக் கம்பனி இனாமாகக் கொடுத்த, போத்தல் குளிரவைக்கும் பிறிஜ்ஜை உள்ளே வைத்த மறுநாள் காலையில், வாவிக்குள் இறங்கி வடக்கே போகத் தொடங்கியது. தகப்பன் விட்டுப்போன கடை அது. எல்லாக் கம்பனிப் போத்தல்களையும் பாகுபாடில்லாமல் அடுக்கி விற்றுவந்தாள். பிறிஜ்ஜைக் கொண்டுவந்த விற்பனை முகவர் டிலக்சன் ஒரு நிபந்தனைதான் சொன்னான்: இனி எங்கள் போத்தல் மட்டும். அன்றைக்கு வெயில் தாங்க முடியாமல் இருந்தது. அவளும் தலையாட்டிவிட்டாள்.

கடை அவசரப்படவில்லை. குடிக்கிறவர்கள் தோணியில் வந்து வாங்கிக்கொண்டார்கள். கம்பனி மகிழ்ந்து பெயர்ப்பலகை, குடை, சுவர்க்கடிகாரம் என்று அனுப்ப அனுப்ப, கடை வேகம் பிடித்தது. நாவற்குடாவில் கம்பனியின் களஞ்சியம் இருந்தது. அங்கே போய் ஒட்டிக்கொண்டால் தன் கடை அதன் இன்னொரு அறையாகிவிடும் என்பது, ஆரையம்பதியைத் தாண்டும்போதுதான் கம்சாயினிக்கு உறைத்தது.

மதுவரி அதிகாரி வல்லிபுரம் இயந்திரப் படகில் வந்தார். கடை தண்ணீரில் போவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

"கம்பனிக்காரன் கடைக்காரருக்குப் பெறுமதியான ஒரு சாமானும் சும்மா குடுக்கப்படாது, புள்ள. தங்கட போத்தலத்தான் விக்கணுமெண்டு கட்டிப்போடவும் ஏலாது. எல்லாத்தையும் திருப்பிக் குடு. இல்லாட்டி லைசன் போயிரும்."

எல்லாம் படகில் ஏறின. கடை மெதுவானது, நிற்கவில்லை.

"இன்னும் என்னகா வாங்கி வெச்சிருக்காய்?"

கம்சாயினி மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தை மாதம் தாலி கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்த டிலக்சன், மேசைக்குப் பின்னால் நின்று நெளிந்தான்.

வல்லிபுரம் படகைக் காட்டினார். "அப்ப இவனும் ஏறணும்."

"பெறுமதியான சாமான் எண்டுதானே சேர் சட்டம் சொல்லுது?" என்றாள் கம்சாயினி. "இவருக்கு என்ன பெறுமதி?"

அதிகாரி டிலக்சனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டார். கடை ஒப்புக்கொள்ளவில்லை. களஞ்சியத்தின் கூரை தெரியத் தொடங்கியது. டிலக்சன் கம்பனியின் பெயர் போட்ட சட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினான். "நான் வேலைய விட்டுட்டன் சேர். அவங்களிட்ட சொல்லிருங்க."

கடை நின்றது, கொஞ்சம் ஆடியது, திரும்பியது.

பழைய இடத்தில் ஏறி உட்காரும்போது வாசல் வாவிப் பக்கமாகிவிட்டது. யாரும் அதைத் திருப்பிவைக்க மெனக்கெடவில்லை. தை பிறந்து கலியாணமும் முடிந்தது. போன மாதம் ஒரு பலசரக்குக் கடை வாவியில் தெற்கே போகக் கண்ட மீன்காரர்கள், "ஆரோ சும்மா என்னவோ குடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, அதற்கு வழிவிட்டு வலையை இழுத்தார்கள்.