ஏழு நாள் கோடு

"கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். நீயே படிச்சுச் சொல்லும்மா."

காலை ஆறரை மணி. மகள் அப்பாவின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "லட்சத்துல ஒண்ணு போய்ச் சேரலை. போய்த் திரும்ப இருநூத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட்."

"நேத்தும் அதான். இன்னும் ஒரே நாள்."

அப்பாவின் அலுவலகத்திலிருந்து கடலுக்கு அப்பால் உள்ள ஆய்வுக்கூடத்துக்குத் தரவு அனுப்பும் இணைப்பு அது. லட்சம் தரவுத் துண்டுகளில் ஒன்று வழியில் தொலைந்தது. பக்கத்து ஊர் என்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு தூரத்துக்கு அந்த ஒன்றே வேகத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டது. பழுது தன் பக்கம் என்பதைக் கடலடிக் கேபிள் நிறுவனம் நம்பவில்லை. ஏழு நாள் இடைவிடாமல் அளந்து காட்டுங்கள் என்றது. முதல் முறை ஐந்தாம் நாளில், அலுவலகத்தில் தரை துடைக்க வந்தவர் தன் இயந்திரத்தைச் செருக அளக்கும் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அப்பா சத்தம் போடவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அன்று காலை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த அப்பா கூடத்தைத் தாண்டவில்லை. டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மதியம் வீடு நிறைய ஆட்கள். அம்மா அப்பாவின் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அலுவலகத் தலைமைப் பொறியாளர் மகளிடம் வந்தார்.

"நாலு மணிக்கு எடுக்கறப்போ அவரோட கருவியை ஒரு நிமிஷம் நிறுத்தறோம்மா. எங்களால முடிஞ்ச மரியாதை."

"வேண்டாம் சார்."

"ஒரே ஒரு நிமிஷம்தான்."

"அந்த ஒரு நிமிஷம் போதும் சார், திரும்ப ஒண்ணாம் நாள். இனிமே யார் உட்கார்ந்து பார்ப்பா?"

சித்தப்பா அவள் தோளைத் தொட்டார். "ஆசையாச் சொல்றார், விடேன்."

"அப்பா என்ன சொல்வார், சொல்லுங்க சித்தப்பா."

சித்தப்பா கூடத்தின் நடுவே கிடந்த அண்ணனைப் பார்த்தார். "தரை துடைச்சவரையாவது மன்னிச்சேன், உங்களை மன்னிக்க மாட்டேன்பார்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பொறியாளர் கைபேசியுடன் வெளியே போனார். "யாரும் எதையும் தொடாதீங்கப்பா" என்பது உள்ளே கேட்டது.

மறுநாள் காலை மகள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தின நாள் நாலு மணியிலும் திரையில் அளவீட்டுக் கோடு அறுபடவில்லை. ஏழு நாளையும் கேபிள் நிறுவனத்துக்கு அனுப்பினாள். பதில் அரைமணியில் வந்தது: பழுது பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

அம்மா வந்து கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். "ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு."

இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காதவள் கேட்டாள்: "எவ்வளவு காட்டுது?"

"இருநூத்துப் பன்னிரண்டு."

"நேத்து?"

"நேத்தும் அதான்."