ஓலையில் வாசித்த பெயர்

எங்கள் மாதா கோயில் பங்கில் குழந்தைராஜ் என்ற பெயரில் இரண்டு பேர். அதனால் என் மகள் சான்ட்ராவின் கல்யாண அறிவிப்பு ஓலையை எழுதிய கோயில் உபதேசியார் அருளப்பன், ஊர் என்னைக் கூப்பிடுகிற பெயரையே எழுதிவிட்டார். ஞாயிறு பூசை முடிவில் சாமியார் அதை அப்படியே வாசித்தார்.

"பிச்சுவா குழந்தைராஜ் மகள் சான்ட்ரா. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மாப்பிள்ளை ஜோஸ்வா வீட்டார் பூம்புகாரிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். வெளியே வந்ததும் அவன் அப்பா ஆண்டனி கேட்டார்.

"அதென்ன சம்பந்தி, பிச்சுவா?"

முப்பது வருஷமாக நெல் மூட்டை சுமக்கிறேன். அந்த ஒரு கேள்வியைத் தூக்க முடியாமல் உபதேசியாரைப் பார்த்தேன்.

உபதேசியார் முந்திக்கொண்டார். "அது வடக்கத்தி வார்த்தைங்க. பிச்சுன்னா அங்க தேளு. மராட்டிய ராஜா காலத்துல இங்க வந்துச்சு. இவங்கப்பா தேள்கடிக்கு வேர் கொடுப்பாரு, அதான் அந்தப் பேரு."

"அப்படிங்களா சம்பந்தி?"

"ஆமாங்க" என்றேன். "நல்ல கைராசி அவருக்கு."

வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் ரெங்கம்மாள் கூடையை விட்டு எழுந்தாள்.

"தேளா? எங்கப்பாவத் தேளாய்யா கொட்டுச்சு?"

என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"மடை தொறந்த தகராறுல இவங்கப்பன் இடுப்புலேருந்து பிச்சுவாவ எடுத்து வயித்துல எறக்குனான். கொடலக் கையில புடிச்சுக்கிட்டே வரப்புல நடந்து வந்தாரு எங்கப்பா. அவருக்கு என்ன வேர்யா கொடுத்தான்?"

தேள் கொடுக்குப் போல வளைந்த சின்னக் கத்தி அது. வேட்டி மடிப்பில் இருந்தால் வெளியே தெரியாது. உபதேசியார் வார்த்தைக்குச் சொன்ன அர்த்தம் பொய்யில்லை. மிச்சமெல்லாம் பொய்.

ஆண்டனி அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"குத்துனது உங்கப்பா. இப்ப ஆமான்னது யாரு?"

வேனில் ஏறும்போது ஜோஸ்வா திரும்பினான். ஆண்டனி அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். விருந்துக்கு அண்டாவில் சோறு வெந்துகொண்டிருப்பதை அவர்களிடம் சொல்லக்கூட ஆளில்லை.

சான்ட்ரா என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நான் சொல்லிட்டேம்ப்பா. கத்தி, கொலை, ஜெயிலு எல்லாம் அவங்களுக்குத் தெரியும். நீங்க வாயத் தொறந்து சொல்றீங்களான்னு பாக்கத்தான் மாமா கேட்டாரு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வேன் ஆற்றுப்பாலத்தில் ஏறியிருந்தது.